கத்திரி வெயிலில் டெவலப்பரைக் காப்பது எப்படி: வீட்டில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுபவர்களுக்கு

2011இல் காரைக்குடியில் அப்பாவின் ஸ்டூடியோவை மூடிய அன்று ஒரு முழு ரோல் எடுத்தேன். பெயர்ப்பலகையைக் கழற்றும் இரண்டு பேர், மலையும் ஏரியும் வரைந்த பின்திரை, குழந்தைகளை உட்காரவைக்கும் மர நாற்காலி, இருட்டறைக் கதவில் கைவைத்து நிற்கும் அப்பா என்று முப்பத்தாறு படங்கள். மதுரைக்குத் திரும்பி மறுநாள் கழுவினேன். கழுவும் டேங்கைத் திறந்தபோது பிலிம் கண்ணாடி போல இருந்தது. ஒரு படம்கூட இல்லை. ஓரத்தில் இருக்கவேண்டிய எண்களும் இல்லை.

அந்த எண்கள் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்படுபவை. கேமரா கெட்டிருந்தாலும் அவை வந்தே தீரும். எண்கள் தெரிந்து படம் மட்டும் இல்லையென்றால் கேமராவைப் பாருங்கள். எண்களும் இல்லையென்றால், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் இறந்துவிட்டது. என் டெவலப்பர் இறந்திருந்தது. ஜனவரியில் ஐந்து லிட்டராகக் கலக்கி, பாதிக்கு மேல் காலியான பிளாஸ்டிக் கேனில், பரண்மேல் வைத்திருந்தேன். அது வைட்டமின் சி அடிப்படையிலான வகை. பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது.

தொலைபேசியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பிலிம் துண்டைப் போட்டுப் பார்த்தாயாம்மா?” நான் பார்க்கவில்லை.

மேல்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த ரோலுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்த வேதியியலை என் அலமாரிக்குக் கொண்டுவந்தேன். இப்போது கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவத் தொடங்கும் இளைஞர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்பது “எந்த டெவலப்பர் நல்லது?” என்பதுதான். மாதத்துக்கு எத்தனை ரோல் எடுக்கிறீர்கள், வீட்டில் மே மாதம் எவ்வளவு சூடு என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த இரண்டு பதில்களில் முடிவு கிடைத்துவிடும்.

எதை வாங்குவது

இரண்டு மாதத்துக்கு ஒரு ரோல் எடுப்பவர் பொடி வாங்கவேண்டாம். ரோடினால் வகை அடர்கரைசல் ஒரு சிறு பாட்டில் கிடைத்தால் வாங்கிவையுங்கள். 1891இல் ஆக்ஃபா வெளியிட்ட கரைசல் அது. ஆர்09 என்ற பெயரிலும் வருகிறது. திறந்த பாட்டில்கூட ஆண்டுக்கணக்கில் தாங்கும். நிறம் கறுத்த தேநீர் போல ஆனாலும் வேலை செய்யும். மருந்துக்கடை ஊசிக்குழாயில் 6 மில்லி எடுத்து 300 மில்லி தண்ணீரில் விட்டால் ஒரு 35 மி.மீ. ரோலுக்குப் போதும். கழுவி முடித்ததும் கொட்டிவிடலாம். ஒளியுணர்வு கூடிய வேகமான பிலிமில் படத்தின் துகள் பெரிதாகத் தெரியும். எனக்கு அது பிடிக்கும். முகங்களை மட்டும் எடுப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

வாரம் ஒரு ரோலாவது எடுப்பவருக்கு டி-76 அல்லது ஐடி-11 என்ற பொடி டெவலப்பர். கோடாக்கின் டி-76 வாய்பாடு 1920களிலிருந்து இருக்கிறது. இல்ஃபோர்டின் ஐடி-11 ஏறக்குறைய அதேதான். பொட்டலத்தைப் பிரித்துப் பாதிப் பொடியை மட்டும் கலக்காதீர்கள். படத்தை வெளிக்கொண்டுவரும் மெட்டாலும் அதைக் காற்றிலிருந்து காக்கும் சல்பைட்டும் பொட்டலத்தில் சீராகக் கலந்திருப்பதில்லை. மிக்சரில் கடலை அடியில் தங்குவது போலத்தான். முழுப் பொட்டலத்தையும் கலக்கியாக வேண்டும். கலக்கியவுடன் கெடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

அதனால்தான் நான் டி-23க்கு மாறினேன். இரண்டே பொருள்கள்: மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். தனித்தனிப் பொடிகளாக இருப்பதால் தேவைக்கு அளந்துகொள்ளலாம். 400 மில்லி வேண்டுமா? மெட்டால் 3 கிராம், சல்பைட் 40 கிராம். அன்றைக்குக் கலக்கி அன்றைக்கே பயன்படுத்தினால் பாதுகாப்பதென்ற கவலையே இல்லை. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. டி-76இல் மெட்டாலோடு சேர்ந்து படத்தை வெளிக்கொண்டுவரும் ஹைட்ரோகுவினோன் காற்றோடு வினைபுரியும்போது சல்பைட்டும் சேர்ந்து கரைசலின் காரத்தன்மையைக் கூட்டும். அதனால் சில வாரம் வைத்திருந்த டி-76 புதியதைவிடச் சற்று வேகமாக வேலைசெய்யும்; நெகட்டிவ் எதிர்பார்த்ததைவிட அழுத்தமாக வரும். டி-23இல் ஹைட்ரோகுவினோனே கிடையாது. டி-76க்குச் சொல்லும் நேரத்தில் தொடங்கி, முதல் இரண்டு ரோல்களைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் கவனிக்கவேண்டியவை

பொடி வாங்கும்போது பெயரில்தான் ஆபத்து. சல்பைட், சல்பேட், சல்பைடு, பைசல்பைட், தயோசல்பேட் எல்லாம் வெவ்வேறு பொருள்கள். ஒருமுறை ஒரு கடையில் சல்பைட் கேட்டு வாங்கிவந்த பொட்டலத்தில் இருந்தது சல்பேட். கலக்கிய கரைசல் மாலைக்குள் பழுப்பேறிவிட்டதால் தப்பித்தேன். அன்றிலிருந்து புதுப் பொட்டலம் எதுவாக இருந்தாலும் சோதிக்காமல் சேர்ப்பதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகைப் பொடியில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். சல்பைட்டாக இருந்தால் தீக்குச்சி உரசியதும் எழுமே, அந்த நெடி வரும். சல்பேட் சும்மா இருக்கும். நுரைத்துப் பொங்கினால் அது கார்பனேட். பொட்டலத்தைத் திறக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது சல்பைடாக இருக்கலாம். வினிகரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், நச்சு வாயு வரும். அப்படியே கடையில் திருப்பிக் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ‘ஹைப்போ’ என்ற சொல். ஸ்டூடியோக்காரர்களுக்கு ஹைப்போ என்றால் ஃபிக்ஸர் செய்யும் சோடியம் தயோசல்பேட். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்பதை 1819இல் ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தார். அந்தக் காலத்தில் அதற்கு இருந்த ‘ஹைப்போசல்பைட்’ என்ற பெயரின் மிச்சம்தான் நம் ஊர் இருட்டறைகளில் புழங்கிய ஹைப்போ. ஆனால் மருத்துவமனைகளிலும் துப்புரவுப் பணியிலும் ஹைப்போ என்றால் கிருமிநாசினியான சோடியம் ஹைப்போகுளோரைட். 2020க்குப் பிறகு பல கடைகளில் அந்தப் பொருளே முதலில் கைக்கு வருகிறது. அமில ஃபிக்ஸரோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். “சோடியம் தயோசல்பேட், படிகம்” என்று எழுதிக் கொடுத்து வாங்குங்கள். வண்ணமீன் கடைகளில் குளோரின் நீக்கியாக விற்கும் வெள்ளைப் படிகங்களும் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் லேபிளில் பெயர் இருந்தால் மட்டுமே நான் வாங்குவேன்.

நீருள்ளதா நீரற்றதா என்பதையும் லேபிளில் பாருங்கள். படிகத் தயோசல்பேட் 250 கிராமுக்கு ஈடு, நீரற்ற பொடி 160 கிராம். சல்பைட் படிகமாக இருந்தால் நீரற்றதைப்போல இரண்டு மடங்கு எடை தேவை. ஆய்வகத் தரம் போதும். அதற்கு மேற்பட்ட தூய்மைக்குச் செலவழிக்கவேண்டாம். டி-76ஐ நீங்களே கலக்குவதென்றால் (மெட்டால் 2, சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2 கிராம், ஒரு லிட்டருக்கு), அந்தப் போராக்ஸ் நம் பொற்கொல்லர்கள் வைத்திருக்கும் வெங்காரம்தான். என்றாலும் பொரித்த வெங்காரத்தை நாட்டு மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள். பொரித்ததில் நீர் போய்விடுவதால் எடைக் கணக்கு மாறிவிடும்.

மெட்டால் வெள்ளையாகவோ லேசான சாம்பல் நிறத்திலோ இருக்கவேண்டும்; பழுப்பாக இருந்தால் வாங்காதீர்கள். கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அப்பாவின் விரல் நுனிகள் ஆண்டு முழுவதும் வெடித்திருக்கும். எங்கள் வீட்டில் அதைத் ‘தண்ணீர்ப் புண்’ என்றுதான் நினைத்தோம். அது மெட்டால் ஒவ்வாமை என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். பொடியை அளக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். எடைபோட நகைக்கடைத் தராசு போல 0.1 கிராம் காட்டும் சிறு மின்தராசு போதும்.

தண்ணீரும் ஒரு வேதிப்பொருள்தான். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் சல்பைட்டைக் கரைத்தால் வெண்கலங்கலாக வீழ்படிவு தோன்றும்; அதிலுள்ள சுண்ணாம்பின் வேலை அது. வாலை வடிநீர் அல்லது குடிநீர்க் கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். பேட்டரிக் கடையில் வடிநீர் மலிவு. ஆனால் அங்கே அமிலமும் ஏறத்தாழ அதே உருவக் கேனில் இருக்கும். மூடி முத்திரையையும் லேபிளையும் பார்க்காமல் எடுத்துவராதீர்கள்.

கலக்குவது

டெவலப்பருக்குத் தண்ணீர் 50 டிகிரி அளவில் இருக்கட்டும். முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், அடுத்து மெட்டால். அது முழுதாகக் கரைந்த பிறகு மீதி சல்பைட். அந்தச் சிட்டிகை, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தான் பிடித்துக்கொண்டு மெட்டாலைக் காப்பாற்றும். முழுச் சல்பைட்டையும் முதலில் போட்டுவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும். மோர் கடைவதுபோல அடிக்காமல், காற்று சேராதபடி மெதுவாகக் கலக்குங்கள்.

ஃபிக்ஸர் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். ஹைப்போ கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். சூடான நீரில் தொடங்கினாலும் குவளை கையில் சில்லென்றாகிவிடும். வகுப்பில் வெப்பங்கொள் வினைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. நான் செய்வது இது: படிக ஹைப்போ 240 கிராம், நீரற்ற சல்பைட் 10 கிராம், சோடியம் பைசல்பைட் 25 கிராம், ஒரு லிட்டருக்கு. இதே வரிசையில், ஒவ்வொன்றும் கரைந்த பிறகே அடுத்தது. அமிலத்தன்மையுள்ள பைசல்பைட்டைச் சல்பைட்டுக்கு முன்னால் போட்டால் கந்தகம் பிரிந்து பால்போலாகிவிடும். டி-மேக்ஸ், டெல்டா வகை பிலிம்களுக்கு இந்த ஃபிக்ஸர் மெதுவாகத்தான் வேலைசெய்யும். அவற்றுக்கு அம்மோனியம் தயோசல்பேட் விரைவு ஃபிக்ஸர் வாங்குவதே நல்லது.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கு 300 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். கலக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அவ்வப்போது கலக்குங்கள். அடர் அசிட்டிக் அமிலத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

எங்கே, எதில் வைப்பது

டெவலப்பருக்கு எதிரிகள் காற்றும் சூடும். டி-76க்குத் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கே, நிறைந்த பாட்டிலில் 6 மாதம், பாதி காலியான பாட்டிலில் 2 மாதம். அதுவும் குளிர்ந்த நாட்டு அறை வெப்பத்தில். பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மே மாதம் என் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி. ஆகவே நிறைந்த பாட்டிலுக்கு 2 மாதம், கோடையில் ஒரு மாதம் என்று நானே வரையறை வைத்துக்கொண்டேன்.

ஒரு லிட்டர் கலக்கினால் ஐந்து 200 மில்லி பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றிவிடுங்கள். டானிக் வரும் பழுப்புக் கண்ணாடி பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, கடைசியில் வடிநீரில் அலசி, காயவைத்தால் அவற்றைவிடச் சிறந்த கலம் கிடையாது. ஒருமுறை ஒரு பாட்டில்: 200 மில்லியோடு 200 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஒரு ரோலுக்குத் தாராளம். முடிந்ததும் கொட்டிவிடலாம். மிச்சம் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் கோலிக்குண்டுகளைக் கழுவி உள்ளே போட்டுக் கரைசலை விளிம்புவரை ஏற்றுங்கள். காற்றுக்கு இடமில்லாமல் போகும். என்னிடம் இருப்பவை தம்பியின் சிறுவயதுக் கோலிகள். நாற்பது ஆண்டுகளாகியும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பால்நிற பிளாஸ்டிக் கேன்களை டெவலப்பருக்குத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் சுவர் வழியாகவே காற்று மெதுவாக ஊடுருவும். ஃபிக்ஸருக்கு அவை போதும்.

குளிர்பான பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் எந்தக் கரைசலையும் ஊற்றாதீர்கள். “நான் மட்டும்தான் வீட்டில் இருக்கிறேன்” என்று சொல்பவர்களிடமும் இதையே சொல்கிறேன். தாகத்தோடு வருபவர் லேபிளைப் படிக்கமாட்டார். உணவு வைக்கும் குளிர்பதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள். அடர்கரைசல்கள் குளிரில் படிகமாகி அடியில் தங்கிவிடும் என்பது ஒரு காரணம். வீட்டில் பிள்ளைகள் இருப்பது அதைவிடப் பெரிய காரணம். பிலிம் ரோல் மட்டும் அங்கே இருக்கட்டும்.

பரண் வேண்டாம், மொட்டைமாடித் தளத்தின் சூடு முழுவதும் அங்கேதான் இறங்கும். குளியலறை அலமாரியின் ஈரம் பொடிகளைக் கட்டியாக்கும். வடக்குச் சுவரை ஒட்டிய பூட்டுள்ள அலமாரியின் அடித்தட்டு சரியான இடம். நான் இன்னும் ஒரு படி போய், சித்திரையிலிருந்து ஆடி வரை டெவலப்பர் பாட்டில்களை அகலமான மண்தொட்டியில் ஈரமணலுக்குள் கழுத்துவரை புதைத்து வைக்கிறேன். பானைத் தண்ணீர் குளிர்வதும் இதுவும் ஒன்றுதான். காற்றோட்டம் இருந்தால் அறையைவிடச் சில டிகிரி குறைவாக நிற்கும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் இது பலிக்காது. அப்போது தேவையும் இல்லை.

பொடிகளைத் திருகுமூடி பாட்டில்களில் போட்டு, சிலிகா ஜெல் பையோடு வெளியே ஒரு கனத்த பிளாஸ்டிக் பையில் கட்டிவையுங்கள். திறந்த சல்பைட் மெல்ல மெல்லச் சல்பேட்டாக மாறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வினிகர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

லேபிளில் பொருளின் பெயர், கலக்கிய தேதி, கொட்டவேண்டிய தேதி, ‘விஷம்’ என்ற சொல், நான்கும் இருக்கட்டும். எழுத்தின்மேல் ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். ஈரக்கையில் மை அழிந்துவிடும். என்னிடம் டெவலப்பர் பாட்டிலுக்குச் சிவப்புப் பட்டை, ஃபிக்ஸருக்கு நீலம். மூடியிலும் அதே நிறம். ஃபிக்ஸர் மூடி டெவலப்பர் பாட்டிலுக்கு மாறிப்போனால் போதும், அந்த பாட்டில் வீணாகலாம். அளவுக்குவளையும் புனலும் இரண்டிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவும் நாளன்று

தொட்டித் தண்ணீர் பகலில் கொதிக்கும். நான் விடிகாலை ஐந்து மணிக்குக் கழுவுகிறேன், 24 டிகிரியில். 20க்கு இறக்கப் போராடவேண்டாம். 20 டிகிரியில் 11 நிமிடம் என்றால் 24இல் ஏறத்தாழ 8 நிமிடம். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகும் அளவு சூடு மட்டும் கூடாது. படம் திட்டுத்திட்டாக வரும். ஐஸ் கட்டியைக் கரைசலுக்குள் போடாதீர்கள். பாட்டில்களை ஒரு பேசின் தண்ணீரில் நிறுத்தி, அந்தத் தண்ணீரில் போடுங்கள். டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்ஸர், அலசும் நீர் எல்லாம் ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும்.

பிறகு அப்பாவின் கேள்வி. ரோலின் தொடக்கத்தில் கேமராவில் மாட்டும் நாக்குப்பகுதியை எப்படியும் வெட்டி எறியத்தான் போகிறோம். அந்தத் துண்டைப் பகல் வெளிச்சத்திலேயே டெவலப்பரில் பாதி அளவுக்கு மூழ்கவிடுங்கள். கழுவும் நேரத்துக்குள் அந்தப் பாதி கறுத்தாக வேண்டும். சாம்பலாகவே நின்றால் கரைசலைக் கொட்டிவிட்டு இன்னொரு பாட்டிலை எடுங்கள். டி-76உம் டி-23உம் கெடும்போது பழுப்பேறி எச்சரிக்கும். வைட்டமின் சி வகை நிறமே மாறாமல் ஒருநாள் நின்றுபோகும். எதுவானாலும் துண்டு உண்மையைச் சொல்லிவிடும்.

இன்னொரு துண்டை ஃபிக்ஸரில் போட்டு, பால்நிறம் போய்த் தெளிவாக எத்தனை விநாடி ஆகிறதென்று எண்ணுங்கள். அதில் இரண்டு மடங்கு ஃபிக்ஸர் நேரம். புதிதாகக் கலக்கிய அன்று தெளிந்த நேரத்தை லேபிளிலேயே எழுதிவையுங்கள். அது இரட்டிப்பான நாளில் அந்த ஃபிக்ஸரின் ஆயுள் முடிந்தது. கலங்கி, அடியில் மஞ்சள் படிந்தால் அதற்கும் முன்பே முடிந்துவிட்டது.

பழைய ஃபிக்ஸரில் உங்கள் படங்களின் வெள்ளி கரைந்திருக்கிறது. செடிக்கும் சாக்கடைக்கும் ஊற்றாதீர்கள். அப்பாவின் நாட்களில் அதை வாங்கிப்போக ஆள் வருவார். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ புகைப்படத் தாள் வந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு நீல பீப்பாய் அவருக்காகவே நிற்கும். இன்று உங்கள் ஊரில் எக்ஸ்-ரே பிலிமில் வெள்ளி எடுப்பவர் இருந்தால் கேட்டுப்பாருங்கள். இல்லையென்றால் ஒரு வாளியில் சேர்த்து, சோப்பு இல்லாத இரும்புக் கம்பிப் பஞ்சைப் போட்டு, ஒரு வாரம் மூடி வெளியே வையுங்கள். இரும்பு கரைந்து, வெள்ளி கருஞ்சேறாக அடியில் தங்கும். மேலே இருப்பதை இறுத்துவிட்டு அந்தச் சேற்றைத் துணியில் வடிகட்டி, காயவைத்து, தேதியிட்ட டப்பாவில் போடுங்கள். என் டப்பா அலமாரியின் அதே அடித்தட்டில், கோலிக்குண்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.